பேரைக் கேட்காத அறை

கிடர்பூர்த் துறைமுகத்தின் தூக்குப்பாலம் எழும்பினால் இரு கரையிலும் சாலை அப்படியே நின்றுவிடும். கப்பல் உள்ளே நுழைந்து பாலம் மறுபடி படியும்வரை யாரும் எங்கும் போக முடியாது. 1970களின் தொடக்கத்தில், பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நான் நின்ற நாட்களுக்குக் கணக்கில்லை. தள்ளுவண்டி இழுத்து வந்த பீகார்க்காரர், தலைத்துண்டு கட்டிய ஒடியக் கூலிகள், ஆந்திரக் கடற்கரையிலிருந்து வந்த தெலுங்குப் பெண்கள், கையில் ரம்பத்துடன் ஒரு சீனத் தச்சர், சைக்கிளை ஒற்றைக் காலால் தாங்கி நின்ற ஆங்கிலோ இந்திய ஃபிட்டர், வெற்றிலை மென்றபடி உருது பேசும் மெட்டியாப்ரூஸ் தையல்காரர். வெயிலில் எல்லோருமாக ஒரே கப்பலைத் திட்டிக்கொண்டிருப்போம், அவரவர் மொழியில்.

அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலின் வயிற்றிலிருந்து எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை ஏறியது என்று நின்றுகொண்டே எண்ணி எழுதும் வேலை. எண்ணுவது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில், சண்டை போடுவது இந்துஸ்தானியில் என்பார். சந்தில் எங்களைத் தவிர இன்னொரு தமிழ்க் குடும்பம் கிடையாது. அது ஒரு குறையாக வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. எதிர்வீட்டு வாசல் மேடையில் மாலையில், சாச்சா (சித்தப்பா) என்று நாங்கள் கூப்பிடும் பெரியவர் வந்து உட்காருவார். அப்பாவும் போய் உட்காருவார். கிடர்பூரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த மேடையில் காதில் விழுந்தது.

சாச்சா இன்றைய வங்கதேசத்துச் சிலெட் மாவட்டத்துக்காரர். நீராவிக் கப்பலின் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டவர். முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் சுட்ட தழும்புகள், மீன் செதில் மாதிரி. பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளை லஸ்கர் என்று அழைத்தார்கள். முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் அந்தக் கப்பல்களில் இருந்த மாலுமிகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் லஸ்கர். மேல்தளத்து வேலைக்கு நவகாளி, சிட்டகாங் பக்கத்து ஆட்கள். அடியில் தீக்குழியில் வேகும் வேலைக்குச் சிலெட்காரர்கள். ஒரே கப்பலில் வெள்ளைக்கார மாலுமி வாங்கிய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இவர்களுக்குக் கிடைத்ததில்லை. கிடர்பூரை அடுத்த ஹேஸ்டிங்ஸில், ஹூக்ளிக் கரையில், ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. முதல் உலகப் போரில் இறந்த வங்காள, அசாம் லஸ்கர்கள் 896 பேருக்காக 1924இல் எழுப்பியது. பள்ளி விட்டால் நாங்கள் விளையாடப் போகும் இடங்களில் அதுவும் ஒன்று. யாருக்காக நிற்கிறது என்று அப்போது தெரியாது. சாச்சாவின் தழும்புகளையும் அந்தத் தூணையும் சேர்த்துப் பார்க்க எனக்கு முப்பது வருடம் பிடித்தது.

கிராமத்திலிருந்து வரும் பையன் நேராகக் கப்பலில் ஏறிவிட முடியாது. முதலில் கிடர்பூரில் ஒரு பாரிவாலாவின் வீட்டில் இடம் பிடிக்க வேண்டும். பாரி என்றால் வங்காள மொழியில் வீடு. பாரிவாலா மாலுமிகளுக்கு விடுதி நடத்துபவர், பெரும்பாலும் அதே வட்டாரத்திலிருந்து முன்னால் வந்தவர். ஒரே அறையில் பத்துப் பதினைந்து பாய். சோறும் பாயும் கடன். கப்பல் கிடைத்துத் திரும்பி வரும்போது அடைக்க வேண்டும். கப்பல் கிடைக்க ஆறு மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும். இடையில் மாலுமிகளின் மேஸ்திரியான சாரங்குக்கும் தரகருக்கும் கையூட்டு. இதை நான் ஒரு பொற்காலமாகச் சொல்ல வரவில்லை. கடன்காரனாகவே கப்பலேறி, கடன்காரனாகவே இறங்கியவர்கள் அதிகம். இந்தச் சுரண்டலை எதிர்த்து மாலுமிகளைச் சங்கமாகத் திரட்டியவர் ஆஃப்தாப் அலி, அவரும் சிலெட்காரர்தான். 1939இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் துறைமுகங்களிலேயே லஸ்கர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள்.

ஆனால் அந்த விடுதியில் ஒன்று இருந்தது. வருகிறவனுக்குக் கையில் காசில்லை என்று தெரிந்தே கதவு திறந்தார்கள். அவன் நாளை சம்பாதிப்பான் என்ற கணக்கில் திறந்தார்கள். அன்புக்காக இல்லை. கணக்குக்காக.

சாச்சா 1937இல் லண்டனில் கப்பலை விட்டு இறங்கி ஓடிப் போனார். டில்பரித் துறையில் இறங்கி, எழுதிக் கொண்டுபோன விலாசத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே கிழக்கு லண்டனுக்கு வந்து சேர்ந்தாராம். அங்கே அவருக்கு அறை கொடுத்தவர் ஒரு யூதக் கிழவி. ரஷ்யப் பேரரசில் யூதர்களைத் தேடித் தேடி அடித்த காலத்தில் சின்னப் பெண்ணாகத் தப்பி வந்தவர். சாச்சா இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு வாக்கியத்தை மாற்றாமல் சொல்வார்: “அவள் என் பேரைக் கேட்கவில்லை. சம்பளம் எந்தக் கிழமை என்று கேட்டாள்.”

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் யூதருக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும். நெருப்பு மூட்டக் கூடாது. அந்தக் குளிரில் கிழவியின் அடுப்பை மூட்டியது சாச்சா. கடல் நடுவே கொதிகலனுக்குத் தீனி போட்ட கை, வாரா வாரம் ஒரு கிழவிக்கு அடுப்பு மூட்டிக் கொடுத்தது. பதிலுக்கு அவருக்கு ஒரு வசதி. ஹலால் இறைச்சி கிடைக்காத ஊரில், யூதர்கள் தங்கள் முறைப்படி அறுத்த இறைச்சியைக் கிழவி வாங்கும் கடையிலேயே அவரும் வாங்கிக்கொள்ளலாம். பன்றி நுழையாத சமையலறை. பிறகு கிழவியின் உறவினர் நடத்திய தையல் பட்டறையில் கோட்டுகளுக்கு இஸ்திரி போடும் வேலை. கிழக்கு லண்டனின் தையல் தொழில் அப்போது யூதர் கையில் இருந்தது. பின்னால் அது வங்காளிகள் கைக்கு மாறியது இப்படித்தான். இஸ்திரிப் பெட்டியிலிருந்து தையல் மெஷினுக்கு, மெஷினிலிருந்து பட்டறைக்கு.

அந்தத் தெருக்களில் இவர்கள் இருவருக்கும் எதிராகக் கதவடைத்த கை ஒன்றே. பிரிட்டன் 1905இல் அந்நியர் சட்டம் கொண்டுவந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஏழை யூதர்களைத் தடுக்கத்தான் அது என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். 1919இல் கார்டிஃப், லிவர்பூல், லண்டன் துறைமுகங்களில் கறுத்த தோல் மாலுமிகளை வெள்ளையர் கும்பல்கள் தேடி அடித்தன. 1925இல் இன்னோர் ஆணை வந்தது. வேற்று நிற மாலுமி தன்னை அந்நியனாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் குடிமகன் என்று காட்டக் காகிதம் இல்லையென்றால் அந்நியன்தான். பேரரசின் பிரஜையாகப் பிறந்தும், காட்டுவதற்குக் காகிதம் இல்லாத லஸ்கர்கள் எத்தனையோ பேர் அதில் சிக்கினார்கள். யூதருக்கென்று போட்ட பூட்டில் இருபது வருடத்துக்குள் கிடர்பூர்க்காரன் விரல் நசுங்கியது. சாச்சா போய்ச் சேர்வதற்கு முந்தைய வருடம், 1936 அக்டோபர் 4ஆம் தேதி, பிரிட்டிஷ் பாசிசத் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லி தன் கருஞ்சட்டைக்காரர்களோடு கிழக்கு லண்டன் வழியாக அணிவகுத்துப் போகப் பார்த்தார். கேபிள் தெருவில் யூதர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்களும் கம்யூனிஸ்ட்களும் நாற்காலி, மேசை, கவிழ்த்த லாரி எல்லாவற்றையும் போட்டுத் தெருவை அடைத்தார்கள். கிழவி அந்தக் கதையைச் சொல்லும்போது அவள் போட்ட நாற்காலி எது என்றும் சொல்வாளாம். அது திரும்பி வரவில்லை.

போர் வந்ததும் சாச்சா மறுபடி கப்பலுக்குப் போனார். முடிந்ததும் கிடர்பூருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டார். வந்த நேரம் சரியில்லை.

1946 ஆகஸ்ட் 16ஆம் தேதி கல்கத்தாவில் தொடங்கிய இந்து முஸ்லிம் கலவரக் கொலைகள் மறுநாள் மெட்டியாப்ரூஸுக்கு வந்தன. லிச்சுபாகானில் குடியிருந்த கேசோராம் பஞ்சாலையின் ஒடியத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நகரின் மற்ற பக்கங்களில் இதே கணக்கில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு, 1943 டிசம்பர் 5ஆம் தேதி, பட்டப்பகலில் ஜப்பான் விமானங்கள் கிடர்பூர்த் துறைமுகத்தில் குண்டு போட்டபோது எல்லா ஊர்க் கூலிகளும் ஒன்றாகச் செத்த இடம் இது. அதைப் பார்த்த கண்கள்தான் இதையும் பார்த்தன. சாச்சா மற்றதையெல்லாம் சொல்வார். 1946இன் அந்த நாட்களைப் பற்றி அப்பா கேட்டால் மேடையிலிருந்து எழுந்து போய்விடுவார். பாலத்தடியில் ஒன்றாக நிற்பது மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது என்பதை அவர் எழுந்து போன விதத்தில் நான் தெரிந்துகொண்டேன்.

1947 ஜூலையில் சிலெட் மாவட்டம் வாக்கெடுப்பில் பாகிஸ்தானோடு சேர முடிவு செய்தது. நூறு வருடமாகக் கிடர்பூரில் பாய் விரித்தவர்களுக்குக் கிடர்பூர் வெளிநாடாகிவிட்டது. கப்பல் வேலைக்கு இனி சிட்டகாங் போக வேண்டும். பலர் போனார்கள், அங்கிருந்து லண்டனுக்கும் போனார்கள். சாச்சாவின் மனைவி கிடர்பூர்ப் பெண் என்பதால் அவர் இங்கேயே நின்றுவிட்டார். பாரிவாலாக்களின் வீடுகள் ஒவ்வொன்றாகக் குடும்பங்கள் வசிக்கும் வீடாக மாறின.

அதே வருடங்களில் நகரின் இன்னொரு கூட்டமும் மூட்டை கட்டியது. 1798இல் வந்த அலெப்போக்காரர் ஷலோம் கோஹெனில் தொடங்கியது கல்கத்தா யூதர் வரலாறு. பாக்தாதி யூதர்கள் என்று சொல்வார்கள். ஓபியம், அவுரி, பிறகு சணல், வீட்டுமனை. எஸ்ரா குடும்பம் கட்டிய எஸ்பிளனேடு மேன்ஷன் இன்றும் நகர நடுவில் வெள்ளையாக நிற்கிறது. கிடர்பூரை அடுத்து அலிப்பூர் மிருகக்காட்சிசாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களைக் கூட்டிப்போகும் இடம். அங்கே எஸ்ரா இல்லம், கப்பை இல்லம் என்று பெயர்ப்பலகைகள் இருக்கும். அவை யூதக் குடும்பங்களின் பெயர்கள் என்று அப்போது யார் கண்டது? நியூ மார்க்கெட்டில் நாஹும் கடைப் பழக் கேக்கைக் கிறிஸ்துமஸுக்கு வரிசையில் நின்று வாங்கி வருவார் அப்பா. அந்தக் கடை 1902இல் ஒரு பாக்தாதி யூதர் தொடங்கியது. கல்கத்தாவில் பிறந்த யூதர்தான் ஜெனரல் ஜேக்கப், 1971இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடையும் பேச்சை நடத்தியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே ஐயாயிரம் யூதர் வரை இருந்தார்கள். இன்று இருபது பேர் அளவுதான்.

யாரும் அவர்களை விரட்டவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் யூத வரலாற்றில் இப்படிச் சொல்லக்கூடிய ஊர்கள் மிகச் சில. கொச்சி, பம்பாய், கல்கத்தா மூன்றும் அந்தச் சிலவற்றில் சேரும். நகரக் கலவரமும் பிரிவினையும் சரிந்த வியாபாரமும் சேர்ந்து அவர்களை லண்டனுக்கும் இஸ்ரேலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பிவிட்டன. வெறுப்பில்லாத ஊரிலும் ஒரு சமூகம் கரைந்து போகலாம். கல்கத்தா அவர்களை மிக மரியாதையாக நடத்தியது. அவர்கள் இங்கேயே தங்க வேண்டும் என்று ஊர் எதுவும் செய்ததாகவும் தெரியவில்லை.

1884இல் கட்டிய மாகென் டேவிட் தொழுகைக் கூடத்தை இன்று பார்த்துக்கொள்பவர்கள் ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக. விளக்கைத் துடைப்பதும் உள்ளே வருபவருக்குத் தலையை மூடத் தொப்பி எடுத்துக் கொடுப்பதும் அவர்கள்தான். 1881இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி பார்க் தெருவில் இயங்குகிறது. படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். யூதப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

கிடர்பூரிலிருந்து புறப்பட்டவன் கடலைத் தாண்டினால் யூதருக்கு அடுத்த வீட்டுக்காரனாகிறான் என்று எனக்கு ஓர் எண்ணம் பல வருடமாக உண்டு. லண்டன் மட்டும் இதற்குச் சாட்சி இல்லை. கிடர்பூருக்கு மேற்கே கார்டன் ரீச்சில் சுரினாம் காட் என்று ஒரு படித்துறை. 1873 பிப்ரவரியில் லல்லா ரூக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு தென் அமெரிக்காவின் டச்சுக் காலனியான சுரினாமுக்குப் போனது. 1916வரை அப்படிப் போனவர்கள் 34,000 பேருக்கு மேல். போஜ்புரி, அவதி பேசிய உத்தரப்பிரதேச, பீகார் விவசாயிகள். அவர்களின் வழிவந்த முஸ்லிம்கள் தலைநகர் பாராமரிபோவில் ஒரு மசூதி கட்டினார்கள். எந்த இடத்தில்? நெவே ஷலோம் என்ற பழைய யூதத் தொழுகைக் கூடத்துக்குப் பக்கத்து மனையில். இன்றும் இரண்டும் தோள் உரசி நிற்கின்றன. கல்கத்தாவின் முதல் யூதத் தொழுகைக் கூடத்துக்கும் பெயர் நெவே ஷலோம்தான். சமாதானத்தின் வீடு என்று பொருள்.

லண்டன் பிரிக் லேனில் இருக்கும் ஒரு கட்டடம் உலகப் புகழ் பெற்றது. பிரான்சிலிருந்து விரட்டப்பட்ட ஹியூகனாட் கிறிஸ்தவர்களின் ஆலயமாக 1743இல் எழுந்தது. பிறகு மெதடிஸ்ட் சபை. 1898இல் யூதரின் தொழுகைக் கூடம். 1976இல் வங்கதேசத்தவரின் ஜும்மா மசூதி. சற்றுத் தள்ளி வைட்சேப்பலில், 1899இல் எழுந்த ஃபீல்ட்கேட் தெரு யூதத் தொழுகைக் கூடத்தைச் சுற்றிக் கிழக்கு லண்டன் மசூதி வளர்ந்தது. சபை தேய்ந்து போனதும் 2015இல் அந்தக் கட்டடத்தை மசூதிக்கே விற்றார்கள். ஊடகங்களில் இந்தக் கட்டடங்களின் படத்தைப் போட்டு நல்லிணக்கம் என்று தலைப்பு வைப்பார்கள். எனக்கு அது பாதிக் கதையாகப் படும். ஒருவர் காலி செய்த வீட்டில் இன்னொருவர் குடிவருவது நல்லிணக்கம் ஆகாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தத் தெருவில் இருந்த இருபது முப்பது வருடத்தில் அடுப்பு யார் மூட்டினார்கள், இறைச்சி எங்கே வாங்கினார்கள், இஸ்திரிப் பெட்டியை யார் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் படம் எதுவும் இல்லை. சாச்சா மாதிரி ஆட்கள் வாயில் இருந்தது, போய்விட்டது.

1978 மே 4ஆம் தேதி, வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளியை வைட்சேப்பலில் ஆட்லர் தெருவில் ஒரு பூங்கா ஓரம் குத்திக் கொன்றார்கள். பத்து நாள் கழித்து ஏழாயிரம் பேர் அவர் சவப்பெட்டியின் பின்னால் நடந்தார்கள். அந்தப் பூங்காவுக்கு இப்போது அவர் பெயர். அப்பா அந்தச் செய்தியைச் செய்தித்தாளிலிருந்து படித்துக் காட்டியபோது சாச்சா கேட்டது ஒன்றுதான்: எந்தத் தெரு? தெருவைச் சொன்னதும் தலையாட்டினார். அவர் நடந்த தெருக்கள்தான்.

மேற்கு நாடுகளின் தலைவர்கள் பல்பண்பாட்டு வாழ்க்கை தோற்றுவிட்டது என்று பேசினார்கள். ஜெர்மனியின் மெர்க்கல் 2010இல் சொன்னார், பிரிட்டனின் கேமரன் 2011இல் சொன்னார். எது தோற்றது? அரசாங்கம் விழாவுக்குப் பணம் கொடுத்து, ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தது தோற்றிருக்கலாம். தையல் பட்டறையும் துறைமுகமும் சங்கமும் வாடகை அறையும் சேர்ந்து நடத்திய இன்னொன்று தோற்கவில்லை, மூடப்பட்டது. லண்டனின் பழைய துறைமுகங்கள் 1960களின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன, பட்டறைகள் போயின, வசதி வந்த யூதக் குடும்பங்கள் வடக்கே கோல்டர்ஸ் கிரீனுக்குக் குடிபெயர்ந்தன. கல்கத்தாவிலிருந்து லண்டன் போன யூதர்களில் பலரும் அங்கேதான். டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தில் இன்று மூன்றில் ஒருவருக்கு மேல் வங்கதேச வம்சாவளி. யூதர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வைட்சேப்பலில் பிறந்த பேரனுக்கும் கோல்டர்ஸ் கிரீனில் பிறந்த பேத்திக்கும் ஒருவரை ஒருவர் தெரிய இப்போது தொலைபேசித் திரை ஒன்றுதான் வழி. திரையில் தெரிவது காஸா.

2023 அக்டோபர் 7ஆம் தேதி இஸ்ரேல் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு பிரிட்டனில் யூதருக்கு எதிரான சம்பவங்கள் பெருகி, அந்த ஒரே வருடத்தில் 4,000ஐத் தாண்டிப் பதிவாயின. அதுவரை கண்டிராத எண்ணிக்கை. 2024 கோடையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொன்றவன் முஸ்லிம் அகதி என்ற பொய்யை நம்பி அங்கே மசூதியைக் கல்லால் அடித்தார்கள். 2025 அக்டோபர் 2ஆம் தேதி, யூதரின் மிகப் புனிதமான யோம் கிப்பூர் நாளில், மான்செஸ்டரில் தொழுகைக் கூடத்தின் வாசலில் நடந்த தாக்குதலில் இருவர் உயிர் போனது. இதில் ஒரு பக்கத்தை மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. காஸாவின் குழந்தைகளுக்காக அழுகிற ஒருவர், அதற்கு மான்செஸ்டரில் தொழப் போன கிழவரைப் பொறுப்பாக்கினால் அது யூத வெறுப்பு. வேறு பெயர் வைக்க முடியாது. யூதரைக் காக்கிறேன் என்று மேடை ஏறி முஸ்லிம்களை நாடு கடத்தக் கேட்கிறவருக்கு யூதர் மேல் அக்கறை இல்லை. 1905ஆம் வருடச் சட்டத்தைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் 1983க்குப் பிறகு வந்து குடியேறிய ஈழத்தமிழர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்து தட்டப்படும் கதவு யாருடையது என்று தெருவுக்கு எப்போதும் தெரிந்துவிடும்.

போன குளிர்காலத்தில் கிடர்பூருக்குப் போனேன். கல்கத்தாவின் முதல் மின்சார டிராம் 1902இல் ஓடியது எஸ்பிளனேடிலிருந்து இந்தக் கிடர்பூருக்குத்தான்; மைதானத்து மரங்களுக்கு நடுவே போகும் அந்த 36ஆம் எண் டிராமில் ஏறித்தான் நாங்கள் நகரத்துக்குப் போவோம். 2020 மே மாத அம்பான் புயலோடு அது நின்றுபோனது. மெட்ரோவுக்காக நிலத்துக்கு அடியில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அனாதை இல்லத்துப் பெயரால் அழைக்கப்படும் ஆர்ஃபன்கஞ்ச் சந்தை 2025 ஜூனில் தீப்பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சாம்பலாயின. அதில் இந்துக் கடையும் இருந்தது, முஸ்லிம் கடையும் இருந்தது. மாலுமிகள் கொண்டுவந்த வெளிநாட்டுச் சாமான்களை விற்று வளர்ந்த ஃபேன்சி மார்க்கெட்டில் இப்போது மாலுமி எவரும் இல்லை, சரக்கு வேறு வழியில் வருகிறது. மெட்டியாப்ரூஸ் தையல் மட்டும் பெருகியிருக்கிறது. லக்னோவை இழந்து வந்த நவாப் வாஜித் அலி ஷா 1856இல் குடியேறிய இடம்; அவரோடு வந்த தையல்காரர்களின் ஊசி இன்று நாடெங்கும் விற்கும் மலிவு உடுப்பைத் தைக்கிறது. பிரியாணியில் உருளைக்கிழங்கு விழுந்ததும் அங்கேதான் என்பார்கள்.

துறைமுகம் 1892இல் திறந்தபோது கிழக்கின் பெரும் வாசல். ஹூக்ளியில் மணல் ஏறிக்கொண்டே போனது. அதை அடித்துத் தள்ளக் கங்கை நீரைத் திருப்பி ஃபரக்கா அணையை 1975இல் இயக்கினார்கள். பெரிய கப்பல்கள் 1977இல் திறந்த ஹல்டியாவுக்குப் போயின. பெட்டிச் சரக்கு வந்த பிறகு நூறு பேர் தூக்கியதை ஒரு கிரேன் தூக்குகிறது. தூக்குப்பாலம் அங்கேயே இருக்கிறது, எழுவது அபூர்வம். இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். மோட்டார் சைக்கிள்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. யாரும் யாரோடும் சேர்ந்து காத்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலோ இந்தியர்கள் பாதிப்பேர் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். சீனத் தச்சர் குடும்பம் எப்போது போனது என்று சந்தில் யாருக்கும் நினைவில்லை. 1992 டிசம்பர்க் கலவரம் மெட்டியாப்ரூஸைத் தொட்ட பிறகு எஞ்சியிருந்த கலப்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்துச் சந்து முன்ஷிகஞ்சில் முஸ்லிம்கள் முன்னின்று நடத்தும் துர்கா பூஜை மட்டும் வருடா வருடம் செய்தித்தாளில் வருகிறது. அது வர வேண்டும், வந்துகொண்டே இருக்க வேண்டும். செய்தியாக ஆகிவிட்டதுதான் எனக்கு வலிக்கிறது. நாங்கள் அந்த வயதில் பூஜைப் பந்தலுக்கும் முஹர்ரம் ஊர்வலத்துக்கும் போனதை யாரும் எழுதவில்லை, எழுத அதில் ஒன்றும் இருந்ததில்லை.

சாச்சாவின் வீட்டில் அவர் பேரன் இருந்தான். முப்பது வயது, சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை. காலையில் ஏழரைக்குக் கிளம்பினால் பேருந்து மாறிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், திரும்ப அதற்கும் மேல். மனைவிக்கு மாதம் ஏழு. வேலை இடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்கிறான், ஒரு வருடமாக. என்னை மேடையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தான். மேடைக்குச் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

“வீடு கிடைக்கிறதா தம்பி?” என்றேன்.

“தாத்தா கதை ஞாபகம் இருக்கிறதா, அங்கிள்? சம்பளம் எந்தக் கிழமை என்று கேட்டாளே அந்தக் கிழவி. இங்கேயும் முதலில் சம்பளம்தான் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி, எவ்வளவு, சைவமா அசைவமா. எல்லாம் சரி, வந்து பாருங்கள் என்பார்கள். ஒப்பந்தத்துக்கு எழுதணும், பேர் சொல்லுங்கள் என்பார்கள்.”

தேநீர் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். உள்ளிருந்தே சொன்னான்: “போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தது ஒன்பதாவது.”